தட்டைக் காலும் உருண்டைக் காலும்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வயர்லெஸ் பெட்டி, அதாவது ரேடியோ, செய்யத் துணிந்தவளும் நான்தான். ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு அடித்து, உள்ளே எல்லாவற்றையும் பொருத்திவிட்டேன். பேட்டரிகளைப் பெட்டியோடு இணைக்கும் பிளக்குகள்தாம் பாக்கி.

பேட்டரி இரண்டு. சின்னது, வால்வு என்னும் கண்ணாடிக் குழலின் உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்கும். பெரியதன் சக்தி பல மடங்கு. அதைச் சின்னதன் இடத்தில் சொருகிவிட்டால் வால்வு அந்த நொடியே கருகும். என்னிடம் இருந்ததோ ஒரே வால்வு. அது போனால் என் வயர்லெஸ் வெறும் தேயிலைப் பெட்டி.

அதனால் எந்தப் பிளக்கையும் நான் நம்பவில்லை. விற்பவரையும் நம்பவில்லை. தெருவே 'நானா' என்று கூப்பிடும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர், அண்ணனும் நானும் நுழைந்ததுமே இரண்டு பிளக்குகளை எடுத்து வைத்தார். கேட்பதற்கு முன்பே வெளியே வரும் சாமான் விற்காமல் கிடந்த சாமான் என்பது என் எண்ணம்.

"பாரும்மா, சிவப்பு பெருசுக்கு, கறுப்பு சின்னதுக்கு. மாப்பிள்ளை பொண்ணு மாதிரி இல்ல?"

"சிவப்பு போற துளையில கறுப்பும் போகுமா, நானா?"

"போகும். யாரும்மா அப்படி மாத்திச் சொருகுவா?"

"எங்கண்ணன்."

அண்ணன் ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவன். முகம் சுருங்கியது. "எஞ்சினையே கழட்டி மாட்டுறவன்டி நான்!"

நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. பெரிய பேட்டரிக்கு உருண்டைக் கால் பிளக், சின்னதற்குத் தட்டைக் கால் பிளக் என்று தேர்ந்தெடுத்தேன். ஒன்றின் துளையில் மற்றது நுழையாது. ஒவ்வொன்றையும் மாற்றிச் சொருகிப் பார்த்த பிறகே எழுந்தேன். "மருமகளைக்கூட இப்படிப் பாத்து எடுக்க மாட்டாங்கம்மா," என்றார் நானா.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் உருண்டைக் கால் பிளக்கில் சிவப்புப் பெயின்ட் பூசினான். "சிவப்புன்னா பெருசு. இதுக்குப் போய் என்னா ஆர்ப்பாட்டம்லா!"

ஆயுத பூசை வந்தது. அம்மா அண்ணனின் ஸ்பானர், என் புத்தகங்கள், வயர்லெஸ் பெட்டி எல்லாவற்றையும் துடைத்துச் சாமி முன் வைத்தார். கழற்றிய பிளக்குகளையும் விடவில்லை. சந்தனம் அப்பி, அதன்மேல் தாராளமாகக் குங்குமம்.

மறுநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் அண்ணனின் பட்டறைக் கூட்டாளிகள் குரல் கேட்டது. பிறகு அண்ணனின் குரல்:

"ஏய்! சிவப்பு நுழையவே மாட்டேங்குது! நீ வாங்கின லட்சணம்!"

ஈரத் தலையோடு ஓடினேன். பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, உருண்டைக் காலைத் தட்டைத் துளையில் வைத்து முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தான். அம்மாவின் தயவில் இரண்டு பிளக்குமே சிவப்பு.

"நுழையக் கூடாதுன்னுதாண்ணே வாங்கினேன்," என்று கையிலிருந்து பிடுங்கி, சரியான துளைகளில் சொருகினேன். வால்வுக்குள் இழை மெல்லச் சிவந்தது.

அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கூட்டாளிகளிடம் சொன்னான்: "பிளக்கெல்லாம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாத்து எடுத்தது."