மருந்து இழுக்குது

என் சன்னல் கட்டையில் ஒரு கொட்டாங்கச்சி இருக்கிறது. அதன் உள்வாயில் கருப்பாய்ப் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த மூசாம்பரம். போன வாரமே தூக்கிப் போட்டிருக்க வேண்டும், மனம் வரவில்லை. கற்றாழைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி இறுக்கிய கட்டிதான் மூசாம்பரம். வீங்கின இடத்தில் அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, லேசாகச் சூடாக்கிப் பற்றுப் போடுவார்கள். காயக் காயத் தோலைப் பிடித்து இறுக்கும். ‘மருந்து இழுக்குது’ என்று எங்கள் பக்கம் சொல்வது அதைத்தான். உள்ளே கோத்திருக்கும் கெட்ட நீரை மருந்து வெளியே இழுக்கிறது என்பது நம்பிக்கை. என் மதினி வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட அளவுக்கு வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. போடி கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவரின் ஒரே மகள். கல்யாணமாகிக் கம்பத்துக்கு வரும்போது பாத்திரம் பண்டங்களோடு ஒரு டப்பா நிறைய மூசாம்பரமும் கொண்டுவந்தார். சீர்வரிசையில் இது எந்தக் கணக்கு என்று நான் கேலி பண்ணினேன். ஆனால் தெருவில் யாருக்குக் கால் பிசகினாலும், எந்தப் பிள்ளை விழுந்து முட்டியை வீங்க வைத்துக்கொண்டு வந்தாலும், எங்கள் மாடிப்படியில்தான் ஏற்றிவிடுவார்கள். மதினி பற்றைப் போட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, “அசையாமக் கெட. நடந்தேன்னு வையி, நானே ஒடிச்சுப்புடுவேன்” என்று மிரட்டி உட்கார வைப்பார். அடிபட்ட சூட்டோடு வந்தவர்களுக்கு முதலில் ஈரத்துணியை மடித்துப் போடுவார். முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும். மருந்தால் சரியானதா, வேலை வெட்டியில்லாமல் கிடந்ததால் சரியானதா என்று நான் வாயாடுவேன். “நீ டீச்சரம்மா, ஒனக்கு எல்லாத்துக்கும் வெளக்கம் வேணும்” என்பார் மதினி. அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. தனியார் பள்ளி ஒன்றில் வேலை, வீட்டில் மதினியோடு ஓயாத வம்பு, இவ்வளவுதான் என் வாழ்க்கை.

வீடு மாடியில். கீழே அண்ணனின் திராட்சை யாவாரம். தெருவிலிருந்து மேலே வர ஒரே வழி, இருண்ட ஒடுக்கமான படி. செங்குத்தாக ஏறும். கைப்பிடி கிடையாது, மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அறுப்புக் காலத்தில் காலிப் பெட்டிகளை அண்ணன் படியின் அடியிலேயே அடுக்கிவிடுவார். உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் வெளியே போக முடியும். கீழே ஒரு வீடு பார்க்கலாம் என்று வருஷாவருஷம் பேச்சு எழும், திராட்சை வண்டி வந்ததும் அமுங்கிவிடும்.

அப்படி ஒரு அறுப்புக் காலத்தில்தான், சுமை ஏற்றுகிறவர்களுக்குக் காபித் தூக்கோடு இறங்கிய மதினி, படியில் நசுங்கிக் கிடந்த பழத்தில் வழுக்கி விழுந்தார். முழங்கால் போய்ப் பெட்டி விளிம்பில் மோதியது. நீட்டிக்கொண்டிருந்த ஆணி லேசாகக் கீறியது. காபி கொட்டிப்போனதற்குத்தான் வருத்தப்பட்டாரே தவிர, கீறலை முந்தானையால் துடைத்து அதோடு விட்டுவிட்டார். சாயங்காலம் முட்டி பெருத்துவிட்டது. கீறலையும் சேர்த்து மூடி அதன் மேல் பற்று விழுந்தது.

முதலில் வடிந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். காலைத் தூக்கி வைத்து ஒழுங்காகக் கிடந்தவரைக்கும் முட்டியின் கிண்ணம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் அசையாதே என்று சொன்னவருக்குத் தன் விஷயத்தில் அது முடியவில்லை. “அடுப்ப யாரு பாக்குறது?” என்று எழுந்துவிட்டார். நான் பார்க்கிறேன் என்றால், என் குழம்பைத் தின்றால் அண்ணன் யாவாரத்தை விட்டே ஓடிவிடுவார் என்று சிரித்தார். மறுபடி வீங்கியது. மறுபடி பற்று.

இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. வழக்கமாக அந்தப் பற்று காய அரை நாளாவது ஆகும். இப்போது நான் பூசிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா, எம்புட்டு வேகமா இழுக்குது! அப்பா கடைச் சரக்குன்னா சும்மாவா?” என்றார். பார்க்க வந்த பெண்களும் தொட்டுப் பார்த்து, ஆமா, நல்லா இழுக்குது என்றார்கள். உடம்பு கொதித்தபோது, “மருந்து இழுக்குறப்ப ஒடம்பு காயத்தான செய்யும்” என்று அதற்கும் ஒரு பதில் இருந்தது. வலி அதிகமானால் மருந்து ஆழத்துக்குப் போய் இழுக்கிறது. காய்ந்த பற்றின் மேலேயே புதுப் பற்றைப் போட்டுப் போட்டுக் கால் கருப்பாக ஒரு உறை போட்டுக்கொண்டது. அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை.

பிறகு முட்டி மடங்குவது நின்றுபோனது. காலை ஊன முடியவில்லை. மாடிக் கக்கூசுக்குப் போவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு, முந்தானையைக் கடித்தபடி, ஒற்றைக் காலில் வருவார். அறைக்கு ஒரே சன்னல். கீழே பெட்டி அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்களைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். கீழேயிருந்து அண்ணன், “ஏத்தா, எப்பிடி இருக்கா?” என்று குரல் கொடுப்பார். “இழுக்குதுன்னு சொல்லு” என்பார் மதினி. நான் சன்னல் வழியாக அதையே சொல்வேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்த அறையிலேயே கிடந்தேன். மூச்சு முட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது மதினி அரண்டுபோய்ப் பார்த்தார். “கூறு இருக்கா ஒனக்கு? நாட்டு மருந்துக் கடைக்காரர் மகளே ஆசுபத்திரிக்குப் போனா, நாளைக்கு அப்பா கடைக்கு எவன் வருவான்? போடில பூராம் சிரிப்பாக.” அவரைப் பூட்டி வைத்திருந்தது கால் மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். “அவுக அப்பாவக் கேக்காம நாம எப்பிடித்தா கூட்டிட்டுப் போறது? மனசு சங்கடப்படுவாகல்ல?” என்றார். மனசு சங்கடப்படும் என்று கால் போனாலும் பரவாயில்லையா என்று கத்தினேன். பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

போடிக்குப் போன் போட்டு மதினியின் அப்பாவை நானே வரச் சொன்னேன். நான் மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷன். பார்த்தவுடன் அவரே கிளம்பச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். கயிற்றைப் பிடித்து ஏறி வந்தவர் கையில் தாளில் சுற்றிய புதுக் கட்டி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். “நல்லா இழுத்திருக்கு. இத ஒரு பத்து போட்டா வடிஞ்சிரும்” என்றார். மதினி என்னைப் பார்த்து, ஜெயித்த மாதிரி சிரித்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இருந்த ஒரு கதவும் சாத்தியாயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் மதினி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை நல்ல முழங்காலிலும் ஒரு கையைப் பற்றுப் போட்ட முழங்காலிலும் வைத்தேன். ஒன்று குளிர்ந்து கிடந்தது, மற்றது சோறு கொதிக்கிற பானை. மாமா கையைப் பிடித்து இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்தேன். அவர் முகம் மாறியது, ஆனாலும் கட்டியைக் கீழே வைக்கவில்லை. எழுந்து போய் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து பற்றை நனைத்துக் கழுவ ஆரம்பித்தேன். “வேணாம்த்தா, இழுக்குறது நின்னுபோகும், வேணாம்த்தா” என்று மதினி என் கையைத் தள்ளினார். தள்ளுவதற்கு அவரிடம் வலு இல்லை.

கருப்புத் தண்ணீர் வடிய வடியச் சிவப்பு தெரிந்தது. பளபளவென்று, தொட்டால் வெடித்துவிடும் போலத் தோல். ஆணி கீறிய இடத்தில் வெள்ளையாகச் சீழ். சிவப்பு முட்டியோடு நிற்கவில்லை, தொடைப் பக்கம் ஏறியிருந்தது. மாமா அதைப் பார்த்தார். கையிலிருந்த புதுக் கட்டியைப் பார்த்தார்.

“இழுக்கலத்தா. மூடித்தான் வச்சிருக்கு” என்றார்.

“கடைய என்ன பேசுவாகப்பா?” என்று அழுதார் மதினி.

“கட கெடக்கு கழுத. நீ கெளம்பு.”

படியடியில் இருந்த பெட்டிகளை அள்ளித் தெருவில் எறிந்தார்கள். மதினியை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்து, படியில் தொங்கின கயிற்றை அறுத்தே அவரை நாற்காலியோடு கட்டினோம். சுமை ஏற்றுகிறவர்கள் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் மதினி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே கடைத்தெருவே நின்று பார்த்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜீப்பில் தேனிக்குக் கொண்டுபோனோம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று டாக்டர் ஊசியால் எடுத்துக் காட்டினார், அன்றைக்கே ஆபரேஷன் செய்து உள்ளே கழுவிவிட்டார்கள். “பத்துப் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா புண்ணு மேல போடலாமா? முட்டி கொதிக்குது, காய்ச்சலடிக்குது, கால் ஊன முடியல. அன்னைக்கே வர வேண்டாமா?” என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

உயிர் பிழைத்தது, காலும் தப்பியது. ஆனால் முட்டி மட்டும் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. திரும்பி வந்தபோது நாற்காலியில் வைத்து மேலே ஏற்றினோம். கீழே வீடு பார்த்துவிட்டுக் கூட்டிப் போவோம் என்று நான் சண்டை போட்டேன். இந்த அறுப்பு முடியட்டும் என்றார் அண்ணன். எந்த அறுப்பும் முடியவில்லை. மதினி கல்யாணம் காட்சிக்கு என்றால் இறங்குவார், இறங்கி ஏறினால் இரண்டு நாள் படுக்கை, அப்புறம் அதையும் விட்டுவிட்டார். அண்ணன் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் தீரவில்லை. போடிக் கடைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. மாமா இருந்த வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். மூசாம்பரம் கேட்டால் மட்டும், “காய்ச்சல் இருக்கா? தோலு கீறியிருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிக் கொடுப்பார். ஆமாம் என்று சொன்னால் சரக்கு கிடையாது, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வார்.

நான் கல்யாணமாகித் தேனிக்கு வந்துவிட்டேன். இங்கேயும் மாடி வீடுதான், வாடகைக்கு. போன வாரம் கேஸ் சிலிண்டரை உருட்டும்போது நிலைப்படியில் முட்டியை இடித்துக்கொண்டேன். வீங்கியது. என் கணவர் மூசாம்பரம் வாங்கி வந்தார். கொட்டாங்கச்சியில் குழைத்து நானே பூசினேன். இத்தனையும் பார்த்தவள், ஆனாலும் பூசினேன். கை பழகியிருக்கிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டில் யாருமில்லை. சும்மா பேசலாம் என்று மதினிக்குப் போன் போட்டேன்.

“முட்டில இடிச்சுக்கிட்டேன் மதினி. ஒங்க மருந்துதான் போட்டிருக்கேன். நல்லா இழுக்குது” என்றேன், பழைய கேலியில்.

மதினி சிரிக்கவில்லை.

“கழுவிப் பாத்தியா?”

“இல்ல.”

“சூடு இருக்கா?”

தொட்டுப் பார்த்தேன். “இருக்கு. ஒடம்பும் லேசாக் கதகதங்குது.”

“மடக்கு. மடங்குதா?”

மடக்கினேன். வலித்தது, ஆனால் மடங்கியது.

“மடங்குறப்பவே படியெறங்கிருத்தா” என்றார் மதினி. “கழுவிட்டு இப்பவே ஆசுபத்திரிக்குப் போ. விடியட்டும், அவரு வரட்டும்னு ஒக்காராத. போன வைக்காத. நீ எறங்கு, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

கொட்டாங்கச்சியைச் சன்னலில் வைத்துவிட்டுக் காலைக் கழுவினேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். மதினியின் மூச்சு மட்டும் கேட்டது, அதற்குப் பின்னால் எங்கேயோ கீழே பெட்டி அடுக்குகிற சத்தமும். கடைசிப் படியைத் தாண்டித் தெருவில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.

“ரோட்டுச் சத்தம் கேக்குது” என்றார் மதினி. அப்புறம்தான் போனை வைத்தார்.