பிலோ அன்ரி வீட்டு மண்சட்டி

போன மாதம் தங்கையின் மகள் தன் சின்னவளைப் பாலர் பள்ளியில் சேர்க்கக் கிளம்பியபோது துணைக்கு நானும் போனேன். கொழும்பில் நல்ல பெயர் எடுத்த இடமாம். சுவரில் பச்சை எழுத்தில் 'இயற்கையோடு கற்போம்' என்று எழுதியிருந்தார்கள். மூலையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் தட்டம். அதற்குள் கழுவிக் காயவைத்த மணல், மணலின் மேல் ஒரே அளவான சிப்பிகள், ஒவ்வொரு சிப்பியிலும் ஓர் இலக்கம். நான் ஒரு பிடி மணலை அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு மணமும் இல்லை. பொறுப்பாக இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வையில், பிள்ளையை விட இவவைத்தான் முதலில் சேர்க்கவேண்டும் என்று நினைத்தது தெரிந்தது.

நினைத்துவிட்டுப் போகட்டும். மணல் என்றால் மணக்கவேண்டும். எங்கள் மணலில் கடற்பாசி மணக்கும், மீன் கழுவிய தண்ணீர் மணக்கும், கோழி எச்சமும் மத்தியான வெயிலும் சேர்ந்து மணக்கும். உண்மையைச் சொன்னால் நாறும். என்னுடைய முதல் படிப்பு அந்த நாற்றத்துக்குள்தான் நடந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் சரியான பெருமை.

அது திருகோணமலை உவர்மலையில், உட்துறைமுகத்தைப் பார்த்துச் சரிந்து இறங்கும் ஒரு வளவு. மேலே ஓட்டு வீடு, கீழே கடல், நடுவில் கவிழ்த்துப் போட்ட ஓட்டை வள்ளம் ஒன்று. வீட்டுக்காரி பிலோமினா, எங்களுக்குப் பிலோ அன்ரி. அவருடைய கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நாலு மணிக்கு வந்து கூட்டிப்போவார்கள். அறுபதுகளின் கடைசியில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். என் அம்மா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அப்பாவுக்குக் கந்தளாயில் வேலை, சனிக்கிழமைதான் வருவார்.

பிலோ அன்ரியைப் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் பாட்டு வராது. கதை சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்துபோய், "பிறகு எல்லாரும் செத்துப்போச்சினம்" என்று முடித்துவிடுவார். கோபம் வந்தால் கையில் அகப்பட்ட சிரட்டையைக் கோழிக்கு எறிவார், அது கோழியில் பட்டதை நான் கண்டதில்லை. காகத்துக்குப் பயம். ஓடித்திரியும் ஏழு பிள்ளைகளை எண்ணிக் கணக்கு வைப்பதும் அவரால் ஏலாத காரியம். எத்தனை தரம் எண்ணினாலும் எட்டு வரும், இல்லையென்றால் ஆறு வரும்.

அதற்காக அவர் கண்டுபிடித்ததுதான் மண்சட்டி. விறாந்தைப் படியில் அகலமான, ஆழமில்லாத சட்டி ஒன்று இருக்கும். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் வளவுக்குள் இறங்கி ஏதாவது ஒரு பொருளை எடுத்துவந்து அதில் போடவேண்டும். சிப்பி, சோகி என்று நாங்கள் சொல்லும் சோழி, புளியங்கொட்டை, காகத்தின் இறகு, எதுவும் சரி. போகும்போது அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போகவேண்டும். சட்டி காலியானால்தான் அன்ரி வாசல் படலையைப் பூட்டுவார். சட்டிக்குள் ஒன்று கிடந்தால் ஒரு பிள்ளை இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

போடும்போது இரண்டு கேள்வி கேட்பார். "எங்க எடுத்தனீ? பக்கத்தில என்ன கிடந்தது?" அவருடைய பாடத்திட்டம் முழுவதும் இந்த இரண்டு கேள்விதான். முதலாவதுக்கு யாரும் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்குக் குனிந்து பார்த்திருக்கவேண்டும். அதனால் நாங்கள் பார்க்கப் பழகினோம். விடிய முந்தி அன்ரி ஈர்க்குமாறால் வளவைக் கூட்டி மணலைத் துப்புரவாக்கிவிடுவார். நாங்கள் வந்ததும் அதில் யார் யார் நடந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். கோழி, காகம், கீரி, ஓணான், சில நாட்களில் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்துபோன மான்கள். எந்த மான் நொண்டுகிறது என்பது வரைக்கும் தெரியும். மிச்ச நேரமெல்லாம் மணலில் துறைமுகம் கட்டுவோம். ஈர்க்கில் பாலம், தென்னம்பாளையில் கப்பல். கிண்ணியாவிலிருந்து வந்து குடியிருந்த றியாஸின் வாப்பா லாஞ்சி ஓட்டுபவர், ஆகையால் றியாஸ்தான் எப்போதும் கப்டன். நான் எப்போதும் சுமை. மூட்டை மாதிரி கவிழ்ந்த வள்ளத்தின் மேல் குந்தியிருப்பதுதான் என் வேலை.

இவ்வளவு சந்தோஷத்தை ஒருவர் கெடுக்காமல் விடுவாரா? எங்களில் ஒருத்தியான வசந்தியின் அப்பா நாகலிங்கம் மாமா, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். வெள்ளைக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி. அவர் எந்தக் கடையில் அரிசி வாங்குகிறாரோ அந்தக் கடையில்தான் எங்கள் தெரு முழுவதும் அரிசி வாங்கும். ஒரு திங்கட்கிழமை அவர் படலையில் நின்று சொன்னார்: "தங்கச்சி, என்ர பிள்ளைக்கு இன்னும் 'அ' எழுதத் தெரியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து பாப்பன். இஞ்ச ஒண்டும் படிக்கேல்லையெண்டால் பிறகு அவள் வரமாட்டாள்."

அன்ரி ஓம் என்று தலையாட்டினார். அவர் போனதும் கோழிக்கு இரண்டு சிரட்டை பறந்தது. வசந்தி நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள், இரண்டு பிள்ளையோடு அந்த வீடு நடக்காது என்று அன்றிரவு அம்மா எனக்குச் சொன்னார். பிலோ மூடிவிட்டால் என்னைப் பார்க்க ஆளில்லை, தன் வேலையை விடவேண்டியதுதான் என்றார். வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக்கொண்டே அழுதார். அம்மா அழுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு வயது ஐந்து. உலகத்தைக் காப்பாற்றவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வந்ததும் நேரே கடற்கரைக்கு ஓடினேன். நாகலிங்கம் மாமா வாயைப் பிளக்கும்படியான ஒன்று வேண்டும். கிடைத்தது. என் கைப்பிடி அளவு சங்கு, கபில நிற வரி ஓடியது. சமைத்துக்கொண்டிருந்த அன்ரி குசினி வாசலில் நின்றே கேள்விகளைக் கேட்டார். கரையில் எடுத்தேன், பக்கத்தில் ஒன்றும் இல்லை என்றேன். பக்கத்தில் ஒன்றும் இல்லாத இடம் உலகத்தில் இல்லை என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார். நான் குனிந்து பார்க்கவேயில்லை. பெருமை பிடித்தவளுக்குக் குனிய நேரமேது?

நாலு மணிக்கு நாகலிங்கம் மாமா வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். தாய்மாரும் வந்துவிட்டார்கள். அம்மா சீருடையோடு படலையடியில் நின்றார். ஒவ்வொருவராகச் சட்டியிலிருந்து எடுத்தோம். ஆறு பேர் எடுத்தாயிற்று. என் முறை வந்தது. சட்டி காலி.

அன்ரியின் முகம் வெளுத்துவிட்டது. சட்டியில் பொருள் மிஞ்சிய நாட்கள் உண்டு, பிள்ளை மிஞ்சியது அன்றைக்குத்தான். நாகலிங்கம் மாமா நடந்ததைக் கேட்டறிந்தார். பிறகு எழுந்து நின்று, "ஒரு சிப்பியைப் பாத்துக்கொள்ளத் தெரியாத இடத்தில பிள்ளையளை விடுறதோ?" என்றார். நான் அம்மாவைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர ஒன்றையும் காணவில்லை.

கண்டது வசந்தி. தகப்பனுக்கு முன்னால் வாயே திறக்காத பிள்ளை. படியடியில் குந்தியிருந்து சொன்னாள்: "அது துலையேல்ல அப்பா. நடந்து போயிருக்கு."

மணலில் இரண்டு வரிசைப் புள்ளிகள், நடுவே எதையோ இழுத்த ஒரு கோடு. சங்குக்குள் நண்டு குடியிருந்திருக்கிறது. வசந்தி அந்தக் கோட்டின் வழியே தவழ்ந்தாள், நாங்கள் ஆறு பேரும் பின்னால். கோடு வள்ளத்தைச் சுற்றிப் போய், கோழி கிளறிய இடத்தில் மறைந்தது. றியாஸ் காற்றை மோந்து பார்த்தான். அதுக்குப் பசிக்கும், மீன் கழுவுற இடத்துக்குத்தான் போயிருக்கும் என்றான். குசினியின் பின்புறம் ஓடினோம். மீன் வெட்டும் கல்லின் அடியில் சூடைமீன் தலையொன்றைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது என் சங்கு. நாங்கள் போட்ட கூச்சல் துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும்.

திரும்பிப் பார்த்தால் நாகலிங்கம் மாமாவும் முழங்காலில் நிற்கிறார், வெள்ளைக் காற்சட்டையில் மீன் தண்ணீர். நண்டுக்கு எத்தனை கால் என்று மகளிடம் கேட்டார். அவள் சொன்னாள். எந்தக் கை பெரிது, எதற்குப் பெரிது, வளர்ந்தால் சங்கை மாற்றும் என்பதையெல்லாம் கேட்காமலே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு கதை கதைப்பாளோ இவள்?" என்று மெதுவாகக் கேட்டார். வேறு யாரிடமும் அல்ல, அன்ரியிடம்.

நண்டைக் கடலில் விட எல்லோரும் இறங்கினோம், அவரும்தான். திங்கட்கிழமை வசந்தி வந்தாள். கூடவே நாகலிங்கம் மாமாவின் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேர். தெரு வழக்கப்படி மேலும் மூன்று பேர். சட்டி போதாமல் அன்ரி பெரிய சட்டி வாங்கினார். அம்மா ஓய்வுபெறும் வரை நேர்ஸாகவே இருந்தார். 'அ' என்ற எழுத்தை வசந்தி பள்ளிக்குப் போன முதல் கிழமையே எழுதினாள், அதிலென்ன பெரிய விஷயம்?

எண்பதுகளின் தொடக்கத்தில் அன்ரியும் கணவரும் நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். வீடும் இல்லை, வள்ளமும் இல்லை. சரிவு முழுவதும் முட்கம்பி வேலிக்குள் போய்விட்டது. போன வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், மணலைக்கூடக் கொங்கிறீட் மூடிவிட்டது.

பள்ளிக்குப் போவதற்கு முந்திய நாள், அந்த வீட்டில் என் கடைசி நாள், நான் ஒரு கள்ளவேலை செய்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டு போக, என் சோகியை மட்டும் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன். அன்ரி கண்டும் அதை அப்படியே விட்டார். அடுத்த நாள் விடிய, பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்தேன், படலை திறந்தபடி கிடந்தது. பிறகு எப்போது பூட்டினார், பூட்டினாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அன்ரியின் கணக்குப்படி நான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.