ஜபர் இருக்க வேண்டிய இடத்தில்

அச்சகத்தில் பக்கம் அமைப்பது அவள் வேலை. தமிழும் அரபியும் தட்டச்சு செய்வாள். தம்பி கணினி நிரல் எழுதுகிறவன். இருவரும் சேர்ந்து, பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழக ஒரு செயலி செய்தார்கள். ஆயத்தில், அதாவது குர்ஆன் வசனத்தில், ஓர் எழுத்தின் ஒலிக்குறி மறைந்திருக்கும். சரியான குறியைத் தொட்டால் நட்சத்திரம், தவறினால் சிவப்பு. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்துக்குக் கைப்பேசி என்றாலே ஆகாது. எட்டு மாதம் நடையாய் நடந்து அவர் வாயில் சம்மதம் வாங்கினாள். அவர் சொன்ன பிறகுதான் முந்நூறு வீடுகளில் அது இறங்கியது.

ஒரு சனிக்கிழமை காலை ஒரு மாணவியின் தாய் அழைத்தாள். மகள் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை மாற்றி ஓதுகிறாளாம். திருத்தினால், "ஆப்ல அப்படித்தான் உம்மா, இல்லாட்டி சிவப்பு வருது" என்கிறாளாம்.

அவள் செயலியைத் திறந்து பார்த்தாள். 'அன்அம்த' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு 'அ' ஓசை தரும் ஜபர் வர வேண்டும். விடைப் பட்டியலில் 'உ' ஓசை தரும் பேஷ் இருந்தது. இறைவனிடம் 'நீ அருள் புரிந்தவர்கள்' என்று சொல்ல வேண்டியது, 'நான் அருள் புரிந்தவர்கள்' என்று ஆகியிருந்தது. பட்டியலைத் தட்டியது அவளேதான். வேறொரு வரியை நகலெடுத்து ஒட்டியவள், குறியை மாற்ற மறந்துவிட்டாள். அந்தப் பாடம் வீடுகளுக்குப் போய்ப் பதினோரு நாளாகியிருந்தது.

பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்றான் தம்பி. "யாருக்கும் சொல்ல வேணாம்க்கா. ஹஸ்ரத் காதுக்குப் போனா நம்ம கதை முடிஞ்சுது."

"ஆப்பை நீ திருத்திடுவ. பிள்ளைங்க நாக்கை யாருடா திருத்துறது?"

அவன் கணினி முன் உட்கார்ந்தான். அவள் மதரஸாவுக்குப் போனாள். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. செருப்புகள் கிடந்த இடத்திலேயே அரை மணி நேரம் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. ஹஸ்ரத் வெளியே வந்ததும் ஸலாம் சொல்லி, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

அந்த ஆயத்தை ஓதிக் காட்டச் சொன்னார். ஓதினாள்.

"அஞ்சு நேரத் தொழுகையிலயும் ஓதுற சூராம்மா அது" என்றார் அவர்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடுத்து, எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சேதி போகுமா என்று கேட்டார். செயலியை அழித்துவிடச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தாள். அவரோ அவளுடைய கைப்பேசியை வாங்கி, எதை அழுத்திப் பேசுவது என்று விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடத்தில் பிழை நேர்ந்துவிட்டதையும் சரியான ஓதலையும் எல்லா வீட்டுக்கும் நிதானமாகச் சொன்னார். "சரிபார்க்காம சம்மதம் கொடுத்தது என் தப்பு" என்று முடித்தார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று மாலைக்குள் நாற்பது வீடுகள் செயலியை அழித்துவிட்டன. ஒரு தகப்பன் அழைத்து, தீனோடு, மார்க்கத்தோடு விளையாடுகிறாயா என்று வாய்க்கு வந்தபடி பேசினான். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு, பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஓதக் கேட்டாள். அந்தப் பிள்ளை சரியாகவே ஓதியது.

அச்சகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஓதவைத்துக் கேட்டாள். இருபத்தேழு பேர் நாக்கில் பேஷ் ஏறியிருந்தது. அதில் மூன்று பேர் லேசில் மாறவில்லை. அவர்களைத் தினமும் அழைத்தாள். இப்போது ஹஸ்ரத்தின் மருமகள், குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழா, ஒவ்வொரு குறியாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே பாடம் போகிறது. மாதத்துக்கு நான்கு பாடம் போன இடத்தில் ஒன்றுதான் போகிறது. விலகிய நாற்பது வீடுகளில் பதினெட்டு திரும்பி வந்திருக்கின்றன.