சுமலதாவுக்கு ஒரு மோட்டார்

சுரேந்தரை அந்த மோட்டார் கம்பெனியில் யாரும் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ஆனால் சோதனை மேடையில் புது மோட்டாரை ஓடவிடும்போது அவன் மட்டும் கம்பி வலையை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்பதை எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருப்பான். கல்யாண மோதிரத்தைக்கூட வேலை நேரத்தில் டிபன் பாக்ஸில் கழற்றி வைத்துவிடுவான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்தில் நின்றவனின் சட்டைக் கை சுழலும் தண்டில் சிக்கிக்கொண்டது. சுவிட்சை அணைத்தது சுரேந்தர்தான். ஓடிப்போய் உடனேதான் அணைத்தான். ஆனால் அணைத்த பிறகும் மோட்டார் நிற்கவில்லை. தன் வேகம் தீரும் வரை சுற்றிவிட்டுத்தான் நின்றது. அந்த மனிதன் உயிர் பிழைத்துக்கொண்டான், வலது கை போய்விட்டது. அன்றிலிருந்து, அணைத்தாலும் நிற்காத பொருள் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பது சுரேந்தரின் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அப்படிப்பட்டவனுக்கு மோட்டார் சோதிக்கும் வேலையே வாய்த்தது.

தளியில் குடியிருந்தான். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் தோட்டத்தில் கோஸும் ரோஜாவும் பறித்தவர்கள். மனைவி சுமலதா ராயக்கோட்டைக்காரி, அத்தை மகள். தக்காளி மண்டிக் கூச்சலில் வளர்ந்தவள் என்பதால் குரலும் பெரிது, துணிச்சலும் பெரிது. அவளுக்கு அங்கன்வாடி வேலை கிடைத்தது. போட்ட இடம் சிக்கபெட்டா என்ற மலைக் கிராமம்.

தளியிலிருந்து பஸ் ஏறினால் மலையடிவாரத்தில் சாந்தம்மா என்பவளின் வீட்டு வாசலோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து சிக்கபெட்டாவுக்குப் பாதை என்று சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. உருண்டைக் கல்லும் சரளை மண்ணுமாக மேலே ஏறும். பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வளைவின் இடப்பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி, அடியில் பச்சைத் தண்ணீர். சுமலதா தினமும் சத்துமாவுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முட்டை வரும் நாளில் அட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாதையில் ஏறி இறங்கினாள்.

"மாமா, ஊரெல்லாம் மோட்டார் செஞ்சு அனுப்பறீங்க. எனக்கு ஒரு வண்டி செஞ்சு குடு. பெட்ரோல் வண்டி அந்தக் கல்லுல கிளட்ச் பிடிச்சு மாளாது. ஸ்கூட்டி நாலு எட்டு போனதும் படுத்துக்குது. கரன்ட்டுல ஓடற மாதிரி, லேசா, மேடு ஏறற மாதிரி ஒண்ணு" என்றாள்.

அவன் சரியென்றான். 

சைக்கிள் சட்டம் மாதிரி ஒன்றைக் கனமான குழாயில் அவனே வெல்டு வைத்தான். அகலமான முரட்டு டயர்கள் கிடைத்தன. பேட்டரியும் கிடைத்தது. மோட்டாரில்தான் நின்றுவிட்டான். அடிபட்ட மின்சார வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் ஆஞ்சப்பனின் கடை பாகலூர் ரோட்டில் இருந்தது. அங்கே இரண்டு மோட்டார்களை அவன் முன்னால் எடுத்து வைத்தார்கள்.

ஒன்று ஹப் மோட்டார். பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்து சக்கரத்தோடு சுற்றுவது. செயின் இல்லை, அறுந்துபோக ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை. மற்றது அதைவிட இரு மடங்கு சக்தி உள்ளது. சட்டத்தின் நடுவில் மாட்டி, செயின் போட்டுச் சக்கரத்தை இழுக்க வேண்டும்.

"இதப் போடுண்ணா" என்று ஆஞ்சப்பன் பெரியதைத் தட்டினான். "முறுக்குனா முன்சக்கரம் தானா மேல வரும். பறக்கும்."

"பறக்க வேணாம் ஆஞ்சப்பா. அதுக்குத்தான் பயப்படறன்."

பெரிய மோட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரே காட்சிதான் வந்தது. செங்குத்தில் பயந்துபோய் சுமலதா ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடிக்கிறாள், வண்டி முன்னால் எழும்பி அவள் மேலேயே மல்லாக்கக் கவிழ்கிறது. இல்லையென்றால் ஏறுமுகத்தில் செயின் அறுகிறது, வண்டி பின்னாலேயே குவாரிக்குள் போகிறது. சின்ன ஹப் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தான். சாதுவான பொருள் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியைச் சாந்தம்மா வீட்டுக்குக் கொண்டுபோனான். சுமலதாவை ஏறவிடவில்லை. சத்துமாவுப் பைக்குப் பதிலாக மண் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தானே ஏறினான். முதல் மேடு வரை நன்றாகத்தான் போனது. சத்தமில்லாமல், டயருக்கடியில் கல் நெரிபடுவது மட்டும் கேட்க, மாடு நடக்கிற வேகத்தில் போனது. வளைவு நெருங்க நெருங்க வேகம் குறைந்தது. அவன் முறுக்கினான். இன்னும் முறுக்கினான். வண்டி முனகியது. அப்போது அந்த வாசனை வந்தது. தாமிரக் கம்பியின் மேல்பூச்சு கருகும் வாசனை. தினமும் மேடையில் முகர்ந்து பழகியதுதான். மெதுவாக ஓடி அதிக பாரம் இழுக்கும் மோட்டார் சக்தியையெல்லாம் சூடாக்கிக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரிந்துதான் இருந்தது. பயத்தில் அதை யோசிக்காமல் விட்டுவிட்டான்.

வளைவில் மோட்டார் செத்தது.

ஒரு கணம் வண்டி அப்படியே நின்றது. பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தான். முன்சக்கரம் பூட்டிக்கொண்டு சரளையில் வழுக்கியது, பின் பிரேக் பின்பக்கமாக உருளும்போது பிடிக்கவே இல்லை. மண் மூட்டை இழுத்தது. தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபோது பச்சைத் தண்ணீர் தெரிந்தது. சாவியைத் திருப்பினான், அணைப்பதற்கு. அணைந்து கிடக்கிற ஒன்றை அணைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. கடைசியில் உடம்பை வலப்பக்கம் சாய்த்து உண்ணிச்செடிப் புதருக்குள் வண்டியோடு விழுந்தான்.

சுமலதா கீழேயிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். முள் கிழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவனின் முழங்கால்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு கைகளாலும் அவற்றை அழுத்திப் பிடித்தாள். அப்படியும் நிற்கவில்லை.

"நீ ஏறியிருந்தா..." என்று ஆரம்பித்தான். 

வண்டியைத் தளிக்குக் கொண்டுவந்து கோணிப்பை போட்டு மூடினான். சுமலதா கேட்கவும் இல்லை. பழையபடி நடந்தாள்.

மார்கழி பிறந்தது. தளிப் பக்கத்துப் பனி எதிரே வருகிற ஆளை மறைக்கும். ஒரு நாள் காலை அவன் கம்பெனியில் இருக்கும்போது சாந்தம்மாவின் போன் வந்தது. அவள் பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ்.

"சுரேந்தரா, டீச்சரு மேல போனாங்கப்பா. இப்ப மேலருந்து வந்த ஆளு, ஸ்கூல் பூட்டியே இருக்குதுன்றான். தாரில... வழியில ஆனெ இருக்குதாம். ஒத்தெ ஆனெ."

அவன் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினான் என்பது அவனுக்கே நினைவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அதே குரல். பக்கத்து ஸீட்டுக்காரர், "ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நின்றபோது எழுந்து எழுந்து உட்கார்ந்தான். குவாரியில் அன்று பார்த்த தண்ணீர்தான் கண்ணுக்குள் நின்றது.

அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் சாந்தம்மாவின் வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பெரிய குரல் எங்கோ போயிருந்தது.

"பனியில தெரியல மாமா. பாறைன்னுதான் நெனச்சன். காது அசஞ்சுது. பெரிய கல்லு ஒண்ணு இருந்துச்சு, அதுக்குப் பின்னால ஒண்டிக்கிட்டன். மூங்கில ஒடிக்கற சத்தம் இங்க, காதுகிட்ட கேக்குது. ஓடலாம்னா காலு வரல. பாவாடை நனைஞ்சுடுச்சு. அது மேல போனப்புறம்தான் எறங்கி வந்தன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சில்லென்று இருந்தது.

"இனிமே போக வேணாம் சுமா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அங்க புள்ளைங்க இருக்குதுங்க. நான் போவன். வண்டி எனக்கு ஆவாதுன்னு நீ பயந்து மூடி வெச்சுட்ட. நடக்கறது மட்டும் பயமில்லாத காரியமா? வண்டி இருந்தா பனி வெலகுன அப்புறம் கெளம்பினாலும் நேரத்துக்குப் போயிடுவன்."

 எது செய்தாலும் பயம்தான். செய்யாமல் இருந்தாலும் அதே பயம்தான். அப்படியென்றால் எந்தப் பயத்துக்குத் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்று மட்டும்தான் இனி யோசிக்க முடிந்தது.

மறுநாள் ஆஞ்சப்பனிடம் போய்ப் பெரிய மோட்டாரைக் கேட்டான்.

"பறக்க வேணாம்னு சொன்னியேண்ணா?"

"பறக்காது. பாதியிலதான் ஓட்டுவன்."

அப்படித்தான் செய்தான். மோட்டாருக்குக் கரன்ட் அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரில் பாதிக்கு மேல் போகாதபடி வைத்தான். எவ்வளவு வெடுக்கென்று முறுக்கினாலும் மெதுவாகத்தான் இழுக்கும்படி செய்தான். செயின் ஓட முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் தட்டு அகலத்துக்கு ஒன்று. வேகம் போய் இழுவை வந்தது. இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டான். செயின் அறுந்தாலும், வண்டி பின்னால் உருண்டாலும் அவை பிடிக்க வேண்டும் என்று, வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் வண்டியைப் பின்பக்கமாகவே உருட்டி உருட்டிப் பார்த்தான். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு வைத்தான். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு கரன்ட் நிற்கும்.

பனி இல்லாத ஒரு பகலில் முதலில் அவனே ஏறினான். வளைவு வந்ததும் கண்ணை இடப்பக்கம் திருப்பவில்லை.  மோட்டார் ஒரே சீராகக் கீச்சிட்டது, வாசனை வரவில்லை. மேலே போய் இறங்கி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். டீ டம்ளர் அளவுக்குத்தான் சூடு. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். 

பிறகு சுமலதா ஏறினாள். முட்டை வந்திருந்த நாள். வேண்டாமென்று அவன் சொல்லச் சொல்ல அட்டைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டிக்கொண்டாள்.

அவன் கீழே நின்று காதுகொடுத்துக் கேட்டான். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அவள் போன பிறகு செயினின் கீச்சொலி மட்டுமே அவனுக்கு மிச்சம். முதல் மேடு. இரண்டாவது. வளைவு. சத்தம் நின்றது.

சாந்தம்மா ஏதோ கேட்டாள், அவன் காதில் விழவில்லை. ஓடினான். சரளையில் சறுக்கி விழுந்து, எழுந்து, செருப்பை விட்டுவிட்டு ஓடினான். சுமா, சுமா என்று கத்த நினைத்தான், மூச்சுதான் வந்தது.

வளைவுக்கு இந்தப் பக்கம் அவள் இரண்டு காலையும் ஊன்றி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"என்னாச்சு?" என்று கிசுகிசுத்தான்.

"ஒண்ணும் ஆவல. அணைச்சன். அணைச்சதும் நின்னுச்சு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதாவது நிக்குதான்னு கேட்டுட்டுப் போலாம்னு. எனக்கும் பயம் இருக்குது மாமா."

இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். எங்கோ ஒரு மயில் கத்தியது. வேறொன்றும் இல்லை. அவள் கயிற்றைச் சரிசெய்துகொண்டு மேலே போனாள். முட்டையில் ஒன்றிரண்டு உடைந்திருந்தன.

அது நடந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வண்டி சாந்தம்மா வீட்டில்தான் நிற்கிறது, அங்கேயே சார்ஜ் ஆகிறது. செயின் ஒருமுறை அறுந்தது, நல்லவேளை சமதரையில். சுமலதா ஒவ்வொரு வளைவிலும் அணைத்துக் கேட்டுவிட்டுத்தான் போகிறாள். யானையை இன்னும் ஒருமுறை பார்த்தாள். தூரத்தில்தான். சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாள். காலையில் அவள் மேலே போய்ச் சேர்ந்ததும், சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில் நின்று போன் செய்வாள். அது வரும் வரை சுரேந்தர் எந்த மோட்டாரையும் மேடையில் ஏற்றுவதில்லை.

போன வாரம் பக்கத்து மலையின் அங்கன்வாடிக்காரி நிர்மலா அவனைத் தேடி வீட்டுக்கு வந்தாள். தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றாள்.  

"உங்க பாதைய நான் மொதல்ல நடந்து பாக்கணும்ங்க" என்றான். "ஞாயித்துக்கெழம வரன்."

உள்ளேயிருந்து சுமலதா, "நானும் வரன்" என்றாள்.