சம்பந்தம் வேனின் ஹீட்டர் பிளக்

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலையில் கோளாறைச் சரிசெய்ய அரை நாள் போதும். அந்தக் கோளாறு நம்மால் வந்ததில்லை என்று நிரூபிக்கத்தான் ஆயுள் பத்தாது. ஸ்பேனர் பிடித்துக் கை கறுத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

எழுபதுகளின் கடைசியில் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டேன். ஐந்தாவது மாதம், என்னை நம்பி முதல் பெரிய வாடிக்கையாளர் வந்தார். பட்டுப்புடவை வியாபாரி சம்பந்தம். அவரிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது.

தள்ளுவதற்கு எட்டுப் பேர்

மார்கழிக் குளிரில் அந்த வேன் கிளம்பாது. பழைய டீசல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுமுன் உள்ளே கொஞ்சம் சூடேற்ற வேண்டும். அதற்குத்தான் ஹீட்டர் பிளக். இந்த வண்டியில் நாலு பிளக். திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒன்று போனால் நாலும் வேலை செய்யாது. டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு கருகியிருந்தன. புதிது மாட்டினேன்.

அதுவரை தினமும் காலையில் சம்பந்தம் வீட்டு நெசவாளர்கள் எட்டுப் பேர் வண்டியைத் தள்ளிவிட்டுத்தான் தறிக்குழியில் இறங்குவார்களாம். முகம் சுளித்தவர் ஒருவருமில்லை. அவர்களில் மூத்தவர் என்னிடம் சொன்னார்: “வண்டிக்கு ஹீட்டர் இல்லன்னா இன்னாங்க, தள்ளித் தள்ளி எங்களுக்கு சூடு ஏறிடுச்சே!”

ஏழுமலையின் பாராட்டு

நாலே நாளில் அதே இரண்டு பிளக்கும் போய்விட்டன. மறுபடி மாற்றினேன். மறுநாள் டிரைவர் ஏழுமலை கடைக்கே வந்து என்னைப் புகழ்ந்தார். டாஷ்போர்டில் ஒரு சுருள் கம்பி உண்டு. பிளக் சூடாவதைக் காட்ட அதுவும் சிவக்கும். கடையில் சிவந்ததைவிட வீட்டில் ரெண்டு பங்கு சிவக்கிறதாம்! கரண்ட் குறுக்கு வழியில் பாய்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ பாராட்டில் மயங்கி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ரெண்டு நாளில் மூன்றாவது ஜோடியும் கருகியது. இப்போது சம்பந்தமே வந்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை, மரியாதையாகப் பேசினார். ரிப்பேருக்கு என்னை விட்டு வேலூர் மெக்கானிக்கிடம் வண்டி போனால் ஊரே பார்க்கும். என் கடைக்கு அப்புறம் ஈதான் வரும். “வெள்ளிக்கிழமை காலைல போளூர் கல்யாண வூட்டுக்குப் புடவை போவணுங்க. வியாழக்கிழமைக்குள்ள ஆவலன்னா வேலூருக்கு ஓட்டிகினு போறேன், தப்பா நெனச்சிக்காதீங்க.”

சரோஜாம்மாவின் விரல்கள்

வியாழன் காலை அவர் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்தேன். முன் இரண்டு தடவையைப் போலவே, இரண்டாவது பிளக்குக்கும் மூன்றாவதுக்கும் இடையே போகும் நடு வயரைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்குச் சரடை வெட்டித் தூர எறிந்துவிட்டு டெஸ்ட் லைட்டை எடுத்தேன். கருகிய இரண்டு பிளக்கைத் தவிர எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டி தள்ள வந்திருந்த சரோஜாம்மா, அந்த வீட்டுத் தறியில் நெய்பவர், எறிந்த சரடைக் குனிந்து எடுத்தார். நெசவு வீடுகளில் தரையில் கிடக்கும் துண்டு இழையைக்கூடத் தாண்டிப் போகமாட்டார்கள். கட்டைவிரல் நகத்தால் ஒரு தேய்ப்பு. அழுக்குக்குள்ளிருந்து பளிச்சென்று மின்னியது. முப்பது வருஷம் தறியில் பழகிய அந்த விரலுக்கு முன் என் டெஸ்ட் லைட்டெல்லாம் எம்மாத்திரம்! “அய்யய்யோ, ஜரிகைங்க இது! வெள்ளிய இப்படியா தூக்கிப் போடுவாங்க?”

யார் தப்பு?

வெள்ளியில் கரண்ட் பாயும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? நடு வயரை டீசல் பைப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது அந்த ஜரிகை. கரண்ட் பாதியிலேயே பைப்புக்கு இறங்கிவிட, நாலுக்கும் பங்கு போக வேண்டிய வேகத்தை முதல் இரண்டு பிளக்கே தாங்கிக் கருகின. என் பெயர் தப்பித்தது. ஆனால் கட்டியவர் யார் என்று கிளறினால் ஒருத்தர் பிழைப்பு போகுமே என்று கேட்காமல் விட்டேன்.

ஏழுமலையே முன்னால் வந்தார். “நான்தாங்க கட்டினேன். வயரு ஆடிகினே இருந்திச்சி. நூலு அறுந்துபூடுது, அதான் தறியில மிஞ்சின ஜரிகைய முறுக்கி ஒவ்வொரு தடவையும் கட்டினேன்” என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு மனுஷன் அப்படி நிமிர்ந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சம்பந்தம் அவரைப் பார்த்தார், ஜரிகையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “அவன் தெரியாம மூணு தடவ கட்டினான், சரி. மூணு தடவயும் அவுத்தவரு நீங்க, ஒரு தடவயாவது அது இன்னான்னு பாத்தீங்களா?”

புது பிளக் மாட்டிய வேன் வெள்ளிக்கிழமை ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பிப் போளூர் போய்ச் சேர்ந்தது. வேலூருக்குப் போகாமல் தப்பித்த என் மானம் மட்டும் சம்பந்தம் வீட்டு வாசலிலேயே போய்விட்டது.