பீச்சாங்கை இலை

"கிருஷ்ணாயில்" வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் அம்மாவின் தையல்துணிதான் ஞாபகம் வரும். ஓட்டை குத்திய காகிதத்தைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைத் தேய்த்து இறக்கிய பூவும் கொடியும்தான் எங்களைப் புதூர்நாட்டு மலையில் நிறுத்தி வைத்தன. திருப்பத்தூரிலிருந்து எஸ்தர் அக்கா ஜீப்பில் கொண்டுவரும் தலையணை உறைக்கும் மேசை விரிப்புக்கும் அம்மா கூலிக்கு நூலால் பூ போடத் தொடங்கிய பிறகே, மிளகு பறிக்க வருஷாவருஷம் கேரளாவுக்குப் போவது நின்று, நான் ஒரே பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படித்தேன்.

அம்மா யாரையும் நம்பமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்துபோனால் நூல்கண்டுகளை எண்ணிப் பார்ப்பாள், எஸ்தர் அக்கா சிரித்தால், "இன்னாத்துக்குச் சிரிக்கிறா?" என்று ஒரு வாரம் யோசிப்பாள். அதனால்தான், புளியங்கொட்டை எடுக்கும்போது கத்தி பட்டுக் கட்டைவிரல் வீங்கிய அந்த வாரம், ஒரு மேசை விரிப்பில் தைக்க மிச்சமிருந்த ஐந்து இலைகளை இன்னொருத்தியிடம் கொடுக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் கொடுத்தாள். பிள்ளைகள் கை பட்டது தெரிந்தால் வேலை போய்விடும் என்பது எஸ்தர் அக்கா போட்ட முதல் சட்டம். எனக்குப் பத்து வயது. எனக்கு எல்லாமே "பீச்சாங்கை" என்பதை, எதையெதையோ சந்தேகப்படும் அம்மா அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

எஸ்தர் அக்கா எப்போதும் துணியின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

"இன்னா இது, இந்த அஞ்சு இலையில மட்டும் தையல் எதிர்ப்பக்கமா சாயுது? யார் போட்டது?"

"நான்தாங்க. விரல்ல காயம், அதான் பீச்சாங்கையால போட்டேன்" என்றாள் அம்மா.

அக்கா துணியை மறுபடியும் திருப்பிப் பார்த்தார். பேச்சை மாற்ற நான் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினேன்.

"எத்தினி வாட்டி சொல்றது, சோத்தாங்கையால குடுடி" என்றாள் அம்மா, பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மறுபடியும் கேரளாவுக்கு மூட்டை கட்டப்போகிறோம், என் படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

எஸ்தர் அக்கா தண்ணீரைக் குடித்தார். பையிலிருந்த சின்னக் கத்திரியை எடுத்து நான்கு இலைகளைப் பிரித்தார். ஐந்தாவதை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டார். "விரல் ஆறட்டும், நீங்களே போட்டுக் குடுங்க. பாப்பா ஸ்கூலுக்குப் போவட்டும்" என்று விரிப்பை அம்மாவிடமே கொடுத்தார்.

ஜீப் போனதும் அம்மா சொன்னாள்: "அந்த ஒண்ண சாட்சிக்கு வெச்சிருக்கா." பிரித்தால் அதற்கும் கேள்வி வரும் என்று அவள் அந்த இலையைத் தொடவேயில்லை. அதன்பிறகு எத்தனையோ முறை ஜீப் சத்தம் கேட்டு நான் உள்ளே ஒளிந்திருக்கிறேன்.

இப்போது பூவெல்லாம் அச்சாகியே வருகிறது. துணியில் அந்த வாசம் இல்லை. எஸ்தர் அக்காவும் இல்லை. நான் இதே மலையில் ஆசிரியையாக இருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்பது இன்னும் வலிக்கிறது.

அம்மா மட்டும் விடுவதாயில்லை. "அந்த ஒரு இலைய இன்னாத்துக்குடி வுட்டா?" என்று போன வாரமும் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு, வுட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கிட்ட தனியா இன்னா சொன்னா?"