ரோஜாப்பூவுக்கு எதிராக இரண்டு பக்கக் கடிதம்

கல்வி அலுவலகத்தின் வாட்ஸாப் குழுவிலிருந்து ரோஷத்தோடு வெளியேறிய பள்ளிச் செயலாளர் இந்த நகரத்தில் அநேகமாக நான் ஒருவன்தான். காரணம், ரோஜாப்பூ.

தாராவியில் உள்ள எங்கள் தமிழ்ப் பள்ளி அரசு உதவி பெறுவது. கட்டடமும் தலைவலியும் எங்களுடையவை, ஆசிரியர் சம்பளம் அரசுடையது, விதிகள் யாருடையவை என்று தெரியாது. தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பும் விதி மூன்று முறை மாறியதில் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆகவே பள்ளியின் சார்பில் குழுவில் இருந்தது நான் மட்டும்தான். அலுவலக குமாஸ்தா தினமும் காலையில் ரோஜாப்பூ ஒன்றை வைத்து வணக்கம் சொல்வார். வட்டாரத்துப் பள்ளிகள் அத்தனையும் பதிலுக்குக் கைகூப்பும். அந்தக் கைகளுக்கு நடுவில் எங்கேயாவது ஒரு சுற்றறிக்கை நசுங்கிக் கிடக்கும்.

மாட்டுங்காவில் வளர்ந்து, இருபத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கோப்புகளுக்கு நாடா கட்டியவனால் இதைப் பொறுக்க முடியவில்லை. சுற்றறிக்கைகள் முறைப்படி தபாலில் வர வேண்டும் என்று மராத்தியில் இரண்டு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன். கடிதத்தின் நகலைப் பள்ளியில் எல்லோருக்கும் காட்டினேன். நாலாம் வகுப்பு டீச்சர் கடைசி வரி வரைக்கும் படித்தார். இருப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் அவர்தான். நாசரேத் பக்கத்துக்காரர்.

"நல்லாருக்கு சார். ஆனா குரூப்ல இருந்துக்கிட்டே அனுப்பிருக்கலாம்லா?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கேம்மா."

"அப்போ என்னையாவது சேத்துவிடச் சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

நம்மில் ஒருத்தர் உள்ளே இருந்தால் வெளியேறியதற்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். சிரிக்காமல்தான் கேட்டேன்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடியாமல் திரும்ப மாட்டார்கள். பள்ளி திறந்து இரண்டு வாரம் வகுப்புகள் பல்லுப்போன வாய் மாதிரி இருக்கும். இது எங்களுக்குப் பழக்கம். மழைக்குப் பிறகுதான் அதிகாரிகள் வந்து தலை எண்ணுவார்கள். அதற்குள் எல்லாத் தலைகளும் வந்துவிடும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று அரசு முடிவு செய்யும்.

அந்த வருஷம் விதி மாறியது. இனி யாரும் நேரில் வந்து எண்ண மாட்டார்கள். பள்ளி திறந்த பத்தாம் நாள், கைரேகை புதுப்பித்த ஆதார் உள்ள பிள்ளை மட்டுமே கணினியில் பிள்ளை. மற்றவை காற்று. நான் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் செம்பூரில் வேறொரு பள்ளிச் செயலாளரைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஓட்டமாக அலுவலகத்துக்குப் போனேன். கணினி பூட்டியாகிவிட்டது என்றார் குமாஸ்தா. எங்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் குறைந்தார்கள். ஓர் ஆசிரியர் உபரி. உபரி என்றால் கடைசியாகச் சேர்ந்தவர்.

ஊரிலிருந்து திரும்பிய தாய்மார்களைக் கூட்டி, கொடைக்கு இத்தனை நாள் தங்கலாமா என்று ஆரம்பித்தேன். விடிவதற்குள் இட்லி அவித்து முடித்து நேராக வந்திருந்த அம்மா ஒருவர் எழுந்தார்.

"சார், கைரேகைய எங்க வேணும்னாலும் வைக்கலாமாம்லா? பக்கத்து ஸ்கூல்ல போன் அடிச்சிச் சொல்லிருக்காவ. அந்த ஸ்கூல் பிள்ளைக பாளையங்கோட்டைலயே ரேகைய வச்சிட்டு வந்துட்டு. நீங்க ஏன் சொல்லல?"

கொள்கை என்று இரண்டாம் முறை சொல்ல வாய் வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் சேர்த்துவிடச் சொன்னதை அவர் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேல்முறையீடு ஐந்து செய்தேன். ஐந்தையும் நேரில் கொடுத்தேன், தபாலில் அல்ல; ஒன்றும் பலிக்கவில்லை. உபரித் தமிழாசிரியருக்கு வேறு தமிழ்ப் பள்ளியில் இடம் இல்லாததால் அவரைக் கல்வி அலுவலகத்திலேயே கணினியில் விவரம் ஏற்ற உட்கார வைத்தார்கள். நாலாம் வகுப்பை மூன்றாம் வகுப்போடு சேர்த்தோம். பிள்ளைகள் சில நாள் அவர் எங்கே என்று கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை.

மழை முடிந்தபின் கிங்ஸ் சர்க்கிளில் பூ வாங்கும்போது டீச்சரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவன், என் புத்தி எங்கே போகும், அந்தக் கடிதமாவது அங்கே கோப்பில் இருக்கிறதா என்று விசாரித்தேன்.

"இருக்கு சார்" என்றார். "ஆனா கவர இன்னும் யாரும் பிரிக்கல. ஸ்டாம்ப மட்டும் யாரோ கிழிச்சி எடுத்திருக்காவ."